பெரியப்பாவின் நினைவு மலர்: புக்கிட் மெர்தாஜாம் அச்சகம் ஒன்றின் பணி குறித்து

என் பெரியப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்காக நாங்கள் வெளியிட்ட நினைவு மலரை, மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள புக்கிட் மெர்தாஜாமில் ஒரு குடும்பம் நடத்தும் சிறிய அச்சகம் தயாரித்துத் தந்தது. அவர்கள் பணியில் கண்ட ஒரு குறையையும் சொல்ல வேண்டியிருப்பதால் அச்சகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆயினும், ஊருக்கு உழைத்த ஒருவருக்கு மலர் வெளியிட நினைக்கும் குடும்பங்கள் ஓர் அச்சகத்திடம் எதையெல்லாம் எதிர்பார்க்கலாம் என்பது இதிலிருந்து தெரியும்.

பெரியப்பா எங்கள் ஊரை உள்ளடக்கிய செபராங் பிறை நகராண்மைக் கழகத்தில் உறுப்பினராக இருந்தவர். கோயிலில் பங்குப் பேரவையிலும் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையிலும், தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் நெடுங்காலம் பொறுப்பு வகித்தவர். இத்தகையவர்களுக்கு மலர் போடும்போது பதவிகளை அடுக்கி, மாலையும் கழுத்துமாக எடுத்த படங்களைச் சேர்த்து, கடைசிப் பக்கத்தில் நன்றி கூறி முடிப்பதே வழக்கமாகிவிட்டது. உறவினர் ஒருவர் எழுதித் தந்த முதல் வரைவும் அவ்வாறே இருந்தது. அதைப் படித்த உரிமையாளரின் மகள், அங்கே பக்க வடிவமைப்பைக் கவனிப்பவர், “ஐயா, இவர் என்னென்ன பொறுப்பில் இருந்தார் என்பது இருக்கிறது, இவரைத் தேடி யார் வந்தார்கள், எதற்காக வந்தார்கள் என்பது எங்குமே இல்லையே?” என்று கேட்டார். எழுதித் தந்ததை அச்சிட்டுக் கொடுத்தால் போதும் என்று இருந்துவிடாமல் அவர் கேட்ட அந்தக் கேள்வியால்தான் மலர் மலராயிற்று.

அதன்பின் அண்டை வீட்டாரிடமும் கோயில் மக்களிடமும் கேட்டு எழுதிய நான்கு பக்கங்களே இன்று எல்லாரும் திரும்பத் திரும்பப் படிக்கும் பகுதி. தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் இல்லாமல், முதுமை வரை குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குரிய சிவப்பு அடையாள அட்டையுடனேயே வாழ்ந்தவர்கள் ஞாயிறு தமிழ்த் திருப்பலி முடிந்ததும் காகிதப் பையுடன் அவருக்காகக் காத்திருப்பார்கள். கோப்பிக் கடையில் அமர்ந்து படிவங்களை நிரப்பிக் கொடுப்பதோடு நில்லாமல், மறுநாள் தேசியப் பதிவு இலாகா வரை உடன் செல்வார். பள்ளியில் சேர்க்க முடியாமல் தவித்த பிள்ளைகளின் தாய்மார்கள் சொன்னவற்றையும் அவற்றோடு சேர்த்தோம். இத்தனைக்கும் நடுவில், எந்தக் கூட்டமானாலும் இரவுச் செபமாலைக்கு வீட்டில் இருந்துவிடுவார் என்று பெரியம்மா சொன்னதை, வடிவமைப்பாளர் குடும்பப் படத்தின் கீழ் வேறு எந்த விளக்கமும் இல்லாமல் அப்படியே வைத்தார்.

உறவினர் தந்த அந்த முதல் வரைவில், பெரியப்பா தேர்தலில் வென்று உறுப்பினரானார் என்று ஒரு வரி இருந்தது. உரிமையாளர் அதை உடனே சுட்டிக்காட்டினார். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் 1951இல் நகராண்மைத் தேர்தல் நடந்ததும், 1957இல் டி.எஸ். ராமநாதன் அதன் முதல் மேயரானதும் மூத்தவர்களின் நினைவில் இருப்பதால் இப்படி எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டு, 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்துக்குப் பின் உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது என்று அவர் விளக்கினார். “நியமிக்கப்பட்டார்” என்று திருத்தினோம். என்னைப் பொறுத்தவரை பெரியப்பாவின் பெருமை அதனால் கூடியதே தவிரக் குறையவில்லை: வாக்குக் கேட்க வேண்டிய தேவையே இல்லாத ஒருவர், சாக்கடை அடைத்துக்கொண்டது என்று யார் கூப்பிட்டாலும் போய் நின்றார்.

கோயில் பக்கமும் நன்றாக அமைந்தது. எங்கள் ஊரின் புனித அன்னம்மாள் ஆலயத்தின் ஜூலை 26 பெருவிழாவுக்கு நாடெங்கிலும் இருந்து திரளும் யாத்திரிகர்களுக்காகப் போக்குவரத்து, குப்பைத் தொட்டி, கழிப்பறை ஆகியவற்றைக் கோயிலுக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் நடுவே நின்று அவர் ஏற்பாடு செய்த படங்கள் எங்களிடம் இருந்தன. அந்த ஆலயம் பசிலிக்காவாக, அதாவது திருத்தந்தையின் சிறப்புத் தகுதி பெற்ற ஆலயமாக, உயர்த்தப்பட்டதும், செபராங் பிறை மாநகர் தகுதி பெற்றதும் 2019ஆம் ஆண்டில்தான். அவர் வாழ்வின் இரு பாதிகளையும் ஒரே பக்கத்தில் வைக்க அந்த ஆண்டே காரணமாக அமைந்தது.

1924 முதல் 2019 வரை வெளிவந்த மலேசியத் தமிழ் நாளிதழ் தமிழ் நேசனின் பழைய நறுக்குகளை வருடி (ஸ்கேன் செய்து) எடுத்தால் செய்தித்தாளின் அச்சுப் புள்ளிகள் கோலமாகப் படியும். அதைப் பொறுமையாக நீக்கி, முகங்கள் தெளிவாகத் தெரியும்படி செய்திருந்தார்கள். நடுவில் கம்பித் தையல் போடும் மலருக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டதால், கடைசியில் வெற்றுப் பக்கத்தை நிரப்பும் அவதி ஏற்படவில்லை. 28 பக்கம், வழவழப்புத் தாள், கெட்டி அட்டை; பிரதி ஒன்றுக்கு ஏறத்தாழ எட்டு ரிங்கிட் ஆனது. இதைவிடக் குறைவாகச் செய்துதரும் இடங்கள் உண்டு.

குறை இதுதான். நாங்கள் பார்த்து ஒப்புதல் அளித்த மெய்ப்பு (அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் படி) சரியாக இருந்தும், அச்சான மலரில் ஒரு பக்கத்துப் படக் குறிப்புகளில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து, வாசிக்க முடியாமல் கிடந்தன. கடைசி நேரத்தில் தமிழைச் சரியாகக் கையாளாத வேறொரு மென்பொருளுக்கு அந்தப் பக்கத்தை மாற்றியிருக்கிறார்கள். திருத்தி மீண்டும் அச்சிட்டார்கள் என்றாலும், அதற்கான தாளின் விலையில் பாதியை எங்களிடம் கேட்டது நியாயமில்லை. மெய்ப்பில் இல்லாத பிழைக்கு அச்சகமே முழுப் பொறுப்பு. இதை அவர்களிடமும் நேரில் சொன்னேன்.

எனவே மெய்ப்பை மட்டும் நம்பாமல், மொத்தமாக ஓட்டும் முன் முதலில் அச்சாகும் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளையொட்டியும் ஜூலைப் பெருவிழாவையொட்டியும் அவர்களுக்கு வேலை குவிந்துவிடுகிறது; அந்த மாதங்களில் மலர் வேண்டுவோர் ஆறு வாரம் முன்னதாகவே படங்களையும் வரைவையும் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது.