நீள இழுப்புக்கு எந்த லாங்போ: 64-ஆ, 66-ஆ, 68-ஆ?

என் இழுப்பு நீளம், அதாவது நாணை முழுதாக இழுக்கும் தூரம், முப்பதரை அங்குலம். 28 அங்குலம் இழுப்பவருக்கு எந்த லாங்போவை (நீளமான மரபு வில்) கொடுத்தாலும் பெரும்பாலும் ஒத்துப்போகும். வில்லின் மேல் எழுதியிருக்கும் பவுண்டுக் கணக்கே (இழுக்கத் தேவைப்படும் விசை) 28 அங்குலத்தில் எடுத்ததுதான். 30-ஐத் தாண்டினால் வில்லின் நீளம்தான் முதல் கேள்வி. 64, 66, 68 அங்குல வில் மூன்றையும் இழுத்துப் பார்த்துவிட்டு, நேரான லிம்ப் (வில்லின் வளையும் கை) கொண்ட 68 அங்குல வில்லை வாங்கினேன். என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன், உங்கள் இழுப்பு நிஜமாகவே நீளமானதா என்று பாருங்கள். முழுதாக இழுத்த நிலையில், நாணில் அம்பு மாட்டும் இடத்திலிருந்து கைப்பிடியின் மிக ஆழமான பகுதி வரை அளந்து, அதோடு ஒன்றே முக்கால் அங்குலம் கூட்ட வேண்டும். வில் செய்பவர்கள் கணக்கில் எடுப்பது அந்த எண்ணைத்தான். நுனிகளில் சக்கரம் வைத்த காம்பவுண்டு வில்லில் அளந்ததை இங்கே அப்படியே கொண்டுவராதீர்கள். லாங்போவில் முழங்கை கொஞ்சம் மடங்கும், உடம்பும் தலையும் முன்னே சாயும். அதிலேயே ஓர் அங்குலம் போய்விடும், சிலருக்கு அதற்கு மேலும். 30 என்று நினைத்திருந்தவர் இருபத்தெட்டரையில் நின்றால் அவருக்கு 64 தாராளம்.

குட்டை வில்லின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. எடை குறைவு, காருக்குள் எளிதாகப் போகும், புதருக்குள் மாட்டாது. அமெரிக்காவில் மரத்தின் மேல் பரண் கட்டி வேட்டையாடுபவர்கள் 60, 62 என்று போவது இதற்காகத்தான். நீள வில் கையில் நிதானமாக நிற்கும், நாணை விடுவதில் சின்னப் பிசகு இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். அந்த அளவில் எனக்குச் சண்டை எதுவும் இல்லை. என் முடிவைத் தீர்மானித்தது இழுப்பின் கடைசி இரண்டு அங்குலம்.

வில் வளைய வளைய, லிம்பின் நுனிக்கும் நாணுக்கும் நடுவில் உள்ள கோணம் விரிந்துகொண்டே போகும். அது 90 பாகையை நெருங்கும்போது நெம்புகோலின் ஆதாயம் குறைகிறது. அதுவரை அங்குலத்துக்கு இரண்டு, மூன்று பவுண்டு என்று சீராக ஏறிவந்த வில், திடீரென்று அங்குலத்துக்கு நான்கு, ஐந்து என்று கேட்க ஆரம்பிக்கும். வில்லாளிகள் இதைத்தான் ஸ்டேக்கிங் என்கிறார்கள். குட்டை வில்லில் இந்த இடம் முன்னாலேயே வந்துவிடும். 28-இல் நிறுத்துபவருக்கு அது கண்ணிலேயே படாது. எனக்கு அது சரியாக நாண் முகத்தைத் தொடும் இடத்தில் வந்து நிற்கிறது. குறிபார்க்க நிதானம் வேண்டிய அந்த நொடியில் தோள் நடுங்குகிறது.

இதைச் சோதிப்பது எளிது. ஒரு குச்சியில் அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். தொங்கு தராசின் கொக்கியை நாணில் மாட்டி மெதுவாக இழுத்து, 24-இலிருந்து ஒவ்வொரு கோட்டிலும் எத்தனை பவுண்டு என்று எழுதுங்கள். வில் செய்தவர் சொன்ன உச்ச இழுப்பைத் தாண்டாதீர்கள், நாணைச் சட்டென்று விட்டும்விடாதீர்கள். நான் பார்த்த 64-இல் 28 முதல் 29 வரை நான்கு பவுண்டு ஏறியது, அடுத்த அங்குலத்தில் ஐந்துக்கும் மேல். 68-இல் 30 வரைக்கும் ஓர் அங்குலத்துக்கு மூன்றைத் தாண்டவில்லை. இரண்டுமே 28-இல் 45 பவுண்டு வில்தான்.

விரல் விஷயமும் இதோடு சேர்ந்தது. குட்டை வில்லை நீள இழுத்தால் விரலடியில் நாண் கூராக மடிந்து, மேல்விரலையும் கீழ்விரலையும் அம்பின் நாக்கோடு (நாணில் மாட்டும் பின்முனைப் பிளவு) சேர்த்து நெரிக்கும். 64-ஐ ஒரு சுற்று எய்து முடிக்கும்போது ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் தோல் சிவந்துவிடும். அந்த நெரிசலில் விரல் நாணைச் சீராக விடாமல் சுண்டிவிடுகிறது, அம்பு பக்கவாட்டில் ஆடிக்கொண்டு போகிறது. மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைத்துப் பிடித்தால் கொஞ்சம் தேவலை, ஆனால் கோணம் அப்படியேதான் இருக்கும்.

மொத்த நீளத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோகலாம். வளைவது லிம்ப்தான், நடுவில் இருக்கும் கைப்பிடிப் பகுதியான ரைசர் வளையாது. ஒரே 66 அங்குல வில்லில் ரைசர் 14 அங்குலமாக இருந்தால் ஒரு குணம், 18 அங்குலமாக இருந்தால் வேறு குணம். லிம்பின் வடிவமும் கணக்கை மாற்றும். முதலில் உள்வாங்கி நுனியில் வெளியே திரும்பும் ரிஃப்ளெக்ஸ் டிஃப்ளெக்ஸ் வில்லில் நாண் கோணம் சாதகமாக இருப்பதால், 64-கூட நேர் லிம்ப் கொண்ட 66 போல நடந்துகொள்ளலாம். அப்படி ஒன்றை ஒரு மாலை மட்டும் கையில் வைத்திருந்தேன், நன்றாகவே இழுபட்டது. நீளமான வில்லோடு நடமாட முடியாதவர்கள் அந்தப் பக்கம் பார்க்கலாம்.

நீள இழுப்புக்கு நீள வில் என்பது பழைய ஏற்பாடுதான். 1545-இல் மூழ்கி 1982-இல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலில் கிடைத்த யூ மர வில்கள் ஏறக்குறைய 187 முதல் 211 சென்டிமீட்டர் வரை நீளமுள்ளவை. கூடவே கிடைத்த அம்புகளில் பெரும்பாலானவை 30 அங்குலம் ஒட்டியவை. முழுக்க மரத்திலேயே செய்த வில்லுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கண்ணாடி இழை ஒட்டாத குட்டை மர வில்லை 30-க்கு இழுத்தால் மரம் நாளடைவில் வளைந்தே நின்றுவிடும், முறியவும் செய்யும். அதில் 64 என்ற பேச்சே எனக்கு வேண்டாம்.

66 மோசமில்லை. 29, இருபத்தொன்பதரை வரை இழுப்பவருக்கு அதைத்தான் சொல்வேன். என் கையில் கடைசி அரை அங்குலத்தில்தான் அது இறுகியது. 68-இல் லிம்பின் எடை கூடுவதால் வேகம் கொஞ்சம் குறையும் என்பார்கள், இருக்கலாம். ஆனால் நீள இழுப்பில் நாண் அம்பைத் தள்ளும் தூரமும் கூடுகிறது. 20 மீட்டர் இலக்கில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வாங்கும்போது பவுண்டைக் கவனியுங்கள். 28-இல் 45 என்று எழுதிய வில், முப்பதரையில் 51, 52 வந்து நிற்கும். உங்களுக்கு 45 போதும் என்றால் 40 என்று எழுதியதைத்தான் கேட்க வேண்டும். அம்புத்தண்டும் அதற்கேற்ப விறைப்பாக வேண்டும். 28-க்கு மேல் அங்குலத்துக்கு ஐந்து பவுண்டு கூட்டித் தண்டு எடுப்பது வழக்கம்.

என் இழுப்பு 31-ஐத் தாண்டியிருந்தால் 70-தான் வாங்கியிருப்பேன். ஆனால் அங்கே அம்பின் நீளம் இடிக்கும். சீடர் மரத் தண்டுகள் பெரும்பாலும் 32 அங்குலத்தில்தான் வருகின்றன, இரு முனையும் சீவினால் 31 சொச்சம்தான் மிஞ்சும். சர்வதேச வில்வித்தைச் சம்மேளனமான வேர்ல்டு ஆர்ச்சரியின் போட்டிகளில் லாங்போ பிரிவுக்கு மர அம்பு கட்டாயம், ஆகவே கார்பனுக்கு மாறவும் முடியாது. முனையில் கடினமரம் ஒட்டி நீட்டிய தண்டு செய்து தருபவர் கிடைப்பாரா என்று விசாரித்துவிட்டு 70-க்கு முன்பணம் கொடுங்கள்.