அழகான தொடக்கப் பக்கத்துக்கு ஆசைப்பட்டு ஏமாந்த கதை

பிரவுசரைத் திறந்ததும் வரும் முதல் பக்கம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசைக்கு ஒரு வருடச் சந்தாப் பணமும், இரண்டு வருடமாகச் சேர்த்த குறிப்புகளும், மூன்று வார நிம்மதியும் போயின. ஏமாற்றியது ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு கூடுதலாக ஒட்டவைக்கும் குட்டி நிரல். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த மாதிரி ஆட்கள் நாளைக்கே பெயரை மாற்றி, வேறு ஐகானோடு வந்து நிற்பார்கள். நடந்த விதம் தெரிந்தால் போதும்.

கூகுளின் ஐகூகுள் என்ற தொடக்கப் பக்கம் இருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. செய்தி, வானிலை, மின்னஞ்சல் எல்லாம் ஒரே பக்கத்தில் கட்டம் கட்டமாக இருக்கும். 2005இல் தொடங்கிய அதை 2013 நவம்பர் 1 அன்று மூடினார்கள். ஆனால் 2012 ஜூலையிலேயே சொல்லிவிட்டார்கள். மூட்டை கட்டப் பதினாறு மாதம் அவகாசம்! அப்போது நான் திட்டிய திட்டை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு பல வருடம் வெறும் பக்கத்தோடு காலம் தள்ளினேன். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் பிரவுசர் திறக்கும்போது எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதை செட்டிங்ஸிலேயே நாமே வைத்துக்கொள்ளலாம், அதற்கு யார் தயவும் வேண்டாம். ஆனால் புது டேப் திறந்தால் வரும் பக்கம் வேறு சங்கதி. அங்கே நமக்குப் பிடித்த முகவரியை வைக்க இரண்டிலுமே எக்ஸ்டென்ஷன் தேவை. நான் சறுக்கியது அங்கேதான்.

நிறுவியபோது அது கேட்டது ஒரே ஒரு அனுமதி: புது டேப்பில் வரும் பக்கத்தை மாற்றிக்கொள்கிறேன் என்று. நியாயமான கேள்விதானே? மலை, கடல் என்று தினம் ஒரு படம், பெரிய கடிகாரம், செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல், குறிப்பு எழுத ஒரு மூலை. இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. எனக்கே தெரியாமல் என் பாதி மூளையை அதற்குள் கொண்டுபோய் வைத்துவிட்டேன். எந்த பில்லை எப்போது கட்ட வேண்டும், எந்தக் கட்டுரையைப் பாதியில் விட்டேன், எல்லாம் அங்கேதான்.

ஒரு நாள் காலையில் புது டேப் வெறுமையாக வந்தது. எக்ஸ்டென்ஷன் நிறுத்தப்பட்டிருக்கிறது, அது புதிய அனுமதி கேட்கிறது என்றது குரோம். எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் வேண்டுமாம். ஒரு அப்டேட்டில் கூடுதல் அதிகாரம் கேட்டால், நாம் சம்மதிக்கும் வரை குரோம் அந்த எக்ஸ்டென்ஷனை முடக்கி வைக்கும். நம்மைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் என் வேலைப் பட்டியல் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது, அன்றைக்கு அவசர வேலை வேறு. வாசலில் ஒருவன் சாவி கேட்கிறான், என் சட்டை அவன் கையில். கொடுத்துவிட்டேன். கடிகாரம் காட்டும் ஒரு பக்கத்துக்கு நான் போகிற எல்லாத் தளங்களையும் படிக்க என்ன தேவை என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது.

பிறகுதான் பார்த்தேன், எக்ஸ்டென்ஷன்களை இறக்கும் குரோம் ஸ்டோரில் அதை உருவாக்கியவர் பெயர் மாறியிருந்தது. அதாவது விற்றுவிட்டார்கள். இது புதுக்கதை அல்ல. தி கிரேட் சஸ்பெண்டர் என்று, திறந்து கிடக்கும் டேப்களைத் தூங்க வைக்கும் ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் இருந்தது. 2020இல் கை மாறியது. 2021 பிப்ரவரியில் தீங்கு செய்யும் நிரல் என்று கூகுளே அதை ஸ்டோரிலிருந்து தூக்கியது. வீட்டை விற்கும்போது குடியிருப்பவரையும் சேர்த்து விற்பது போல, எக்ஸ்டென்ஷனோடு அதை நிறுவியிருக்கும் நாமும் விலை போகிறோம்.

அடுத்த சில நாட்களில் தேடல் ஒரு மாதிரி ஆனது. எதையாவது தேடினால் முகவரிப் பட்டியில் கண் இமைக்கும் நேரம் வேறு ஏதோ முகவரி மின்னி மறையும், அப்புறம்தான் முடிவுகள் வரும். முடிவுகள் பார்க்கப் பழையபடிதான் இருக்கும், ஆனால் முதல் திரை முழுக்க விளம்பரம். நெட் மெதுவாக இருக்கிறது என்று ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டேன். நடந்தது வேறு. நம் தேடலைத் தங்கள் வழியாகச் சுற்றவிட்டால், நாம் விளம்பரத்தைத் தொடும் ஒவ்வொரு தடவையும் இடையில் நிற்பவருக்கு ஒரு பங்கு கிடைக்கும். இவர்கள் பிழைப்பே அதுதான். நம் தொடக்கப் பக்கத்தின் மேல் அவர்களுக்கு ஏன் இவ்வளவு கண் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்தச் சமயம் பார்த்து பிரிண்டருக்கு டிரைவர், அதாவது அதைக் கணினியோடு பேச வைக்கும் நிரல், தேடினேன். முதலில் வந்ததைச் சொடுக்கினேன், இறக்கினேன். நிறுவும்போது பரிந்துரைக்கப்படுவது, விருப்பப்படி என்று இரண்டு வழி காட்டியது. எல்லாரையும் போல முதலாவதைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டினேன். உடன் ஒட்டிக்கொண்டு வந்தவை என்னென்ன என்ற பட்டியல் அந்த இரண்டாவது வழியில்தான் இருந்திருக்கும். மறுநாள் குரோம் மெனுவின் அடியில் ஒரு வரி: இந்த பிரவுசர் உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது. எனக்கு எந்த நிறுவனம்? நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது.

அக்கா மகனைக் கூப்பிட்டேன். அவன் கேட்ட முதல் கேள்வி: "மாமா, எதுக்கெல்லாம் ஓகே அழுத்துனீங்க?" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவன் செய்ததை விவரமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். எக்ஸ்டென்ஷனை நீக்கினான். இரண்டாவதாக வந்திருந்த இன்னொன்றை நீக்கவே முடியவில்லை, பொத்தான் மங்கிக் கிடந்தது. அது விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரி என்ற இடத்தில், பாலிசி (நிர்வாகி போடும் கட்டளை) என்ற பெயரில் தன்னைக் கட்டாயமாக்கிக்கொண்டிருந்தது. அலுவலகக் கணினிகளை நிர்வகிக்க உருவான வசதியைத்தான் இப்படிப் பயன்படுத்துகிறார்கள். என்னென்ன பாலிசி ஓடுகிறது என்று காட்ட குரோமிலேயே தனிப் பக்கம் இருக்கிறது, அதைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்தான். (சில ஆன்டிவைரஸ்களாலும் அந்த நிறுவன வரி வரலாம். பார்த்ததும் பதறி ரெஜிஸ்ட்ரியில் கை வைக்காதீர்கள், தெரிந்தவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.) அப்புறம் டெஸ்க்டாப்பில் இருக்கும் குரோம் ஐகானின் பிராபர்ட்டீஸைத் திறந்தான். டார்கெட் என்ற வரியில், நிரலின் பெயர் முடிந்த பிறகு ஒரு இடைவெளி விட்டு, அவர்களுடைய முகவரி! செட்டிங்ஸில் எத்தனை தடவை மாற்றினாலும் அதே பக்கம் வந்ததற்குக் காரணம் அதுதான். எனக்கு அந்த இடம் மட்டும் இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது, எங்கே போய் ஒளிந்திருக்கிறார்கள் பாருங்கள்.

எல்லாம் முடிந்து அவன் கிளம்பிய மூன்றாம் நாள் அந்தப் பழைய எக்ஸ்டென்ஷன் திரும்பி வந்தது. பேய்க்கதை ஒன்றுமில்லை, ஒரே கணக்கில் இருக்கும் கணினிகளை ஒன்றுபோல வைக்கும் சிங்க்தான். கழற்றிய நேரத்தில் சிங்க்கை நிறுத்தி வைத்திருந்தோம். என் மடிக்கணினியில் அதே கணக்கில் குரோம் இருந்தது, அதில் எக்ஸ்டென்ஷன் அப்படியே உட்கார்ந்திருந்தது. திரும்ப சிங்க் போட்டதும் நல்ல பிள்ளையாக இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டது. எத்தனை கணினியில் ஒரே கணக்கு இருக்கிறதோ அத்தனையிலும் எடுக்க வேண்டும். எல்லாத் தளங்களையும் படிக்க முடிந்தது கடவுச்சொற்களையும் படித்திருக்கலாம், அதனால் அவற்றை மாற்ற வேண்டும், ஆனால் எக்ஸ்டென்ஷனை எல்லாவற்றிலும் எடுத்த பிறகுதான். நான் முந்திரிக்கொட்டையாக முதலிலேயே மாற்றி, எல்லாவற்றையும் மறுபடி மாற்றினேன்.

இனி என் குறிப்புகள் கதை. எக்ஸ்டென்ஷனை நீக்கும் முன் குறிப்புகளை வெளியே எடுக்கப் பார்த்தேன். ஏற்றுமதி பொத்தான் பிரீமியம் உறுப்பினருக்கு மட்டுமாம். ஆமாம், பணம் கட்டினேன். என்னை ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்த பிறகும் கட்டினேன், சிரிக்க வேண்டுமென்றால் சிரித்துக்கொள்ளுங்கள். மாத சந்தா இல்லை, வருட சந்தாதான். வந்து சேர்ந்த கோப்பைத் திறந்தால் குறியும் கோடுமாக இருந்தது. அதை அவர்களுடைய எக்ஸ்டென்ஷன் மட்டும்தான் படிக்குமாம். பணத்தைத் திருப்பிக் கேட்டு மூன்று மின்னஞ்சல் போட்டேன். ஒரே பதில் மூன்று தடவை வந்தது: நீங்கள் பிரீமியம் வசதியைப் பயன்படுத்திவிட்டதால் திருப்பித் தர இயலாது.

அதனால் தொடக்கப் பக்கம் தேடுபவர்களுக்கு நான் சொல்வது, எதையும் அதில் எழுதி வைப்பதற்கு முன் ஏற்றுமதியைச் சோதித்துப் பாருங்கள். இரண்டு வரி எழுதி, வெளியே எடுத்து, சாதாரண நோட்பேடில் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்கவில்லையென்றால் அந்தப் பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். இன்னொன்று, அது தன் தேடல் பெட்டியில்தான் தேடச் சொல்கிறதா என்று கவனியுங்கள். முகவரிப் பட்டியிலேயே தேட முடியும்போது இன்னொரு பெட்டி எதற்கு?

இப்போது என்னிடம் இருப்பது ஒரே ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பு, அதாவது பிரவுசரில் திறக்கும் ஒரு சாதாரணப் பக்கம். உருவாக்க ஒன்றும் தெரிய வேண்டாம். புக்மார்க்குகளை ஏற்றுமதி செய்தால் பிரவுசர் தருவதே ஒரு ஹெச்டிஎம்எல் கோப்புதான். அதைக் கணினியில் ஒரு இடத்தில் வைத்து, அதன் முகவரியைத் தொடக்கப் பக்கமாகவும் ஹோம் பொத்தானுக்கும் கொடுத்துவிட்டேன். புது டேப்பை அதன் போக்கில் விட்டாயிற்று. வேண்டும்போது ஆல்ட்டும் ஹோமும் சேர்த்து அழுத்தினால் என் பக்கம் வந்துவிடுகிறது. மலையும் இல்லை, கடலும் இல்லை, நீல எழுத்தில் முப்பத்து நாலு இணைப்புகள். "ரொம்பப் பழைய வெப்சைட் மாதிரி இருக்கு மாமா" என்கிறான் அக்கா மகன். இருக்கட்டும்.

சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும் என்று போன வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. ரத்து செய்யும் இணைப்பைத் தொட்டால், எக்ஸ்டென்ஷனை நிறுவி அதற்குள்ளே போய்த்தான் ரத்து செய்ய முடியும் என்கிறது. வங்கியில் சொல்லி கார்டை மாற்றிவிட்டேன்.