ரைட்டரில் ஆறு வருடப் புத்தக வேலை: காணாமல் போகும் வெற்றுப் பக்கம்

அப்பாவின் கட்டுரைகளை 50 பிரதி மட்டும் பிஓடியில் (வேண்டிய பிரதிகளை மட்டும் அச்சிடும் முறை) போடவேண்டும், லேஅவுட்டுக்கு லிப்ரே ஆபீஸின் எழுதும் மென்பொருளான ரைட்டரே போதுமா என்று போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு மாதம் முன்பு கேட்டிருந்தால் யோசிக்காமல் தாராளமாகப் போதும் என்றிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

ஆறு வருடமாக ரைட்டரில்தான் புத்தகம் வடிவமைக்கிறேன். எல்லாம் 30-லிருந்து 200 பிரதி வரை போகிற சின்ன வேலைகள். டெமி அளவு, 70 அல்லது 80 ஜிஎஸ்எம் கனத் தாள், தைக்காமல் முதுகில் பசை போட்டு ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங். அதற்கு முன் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பழைய எழுத்துருக்களோடு மல்லுக்கட்டியவன். வரி முடிவில் கொம்பு மட்டும் தனியாக நிற்கும், அதற்குரிய எழுத்து அடுத்த வரிக்குப் போய்விடும். ஒவ்வொரு பக்கமாகத் தேடித் திருத்தவேண்டும். யூனிகோடில், ரைட்டரில், அந்தத் தொல்லை ஒருநாளும் வந்ததில்லை. இதற்காகவே அதற்குக் கடன்பட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, பலர் கவனிப்பதே இல்லை. பக்கத்தின் அமைப்பை முடிவுசெய்யும் பக்கப் பாணியில் 'பக்க வரி இடைவெளி' என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டால், தாளின் இரண்டு புறத்திலும் வரிகள் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து உட்காரும். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து முன்பக்க வரி இடைவெளியில் நிழலாகத் தெரிவது இதனால் வெகுவாகக் குறைகிறது. முதல்முறை அப்படி அச்சாகி வந்த தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. காசு வாங்காத ஒரு மென்பொருளில் இவ்வளவு அக்கறையா என்று தோன்றியது.

சரி, கோபத்துக்கு வருகிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தன் ஊரின் வரலாற்றை எழுதியிருந்தார். 184 பக்கம், 60 பிரதி. ஒவ்வொரு அத்தியாயமும் வலப்பக்கத்தில், அதாவது ஒற்றைப்படை எண் பக்கத்தில், தொடங்கவேண்டும் என்பது அவர் விருப்பம். ரைட்டரில் இது சுலபம். அத்தியாயம் 23-ஆம் பக்கத்தில் முடிந்தால், 24-ஐத் தானாகவே வெறுமையாக விட்டு அடுத்ததை 25-இல் தொடங்கும். ஆனால் ஒவ்வொரு பக்கமாக உருட்டிக்கொண்டு வேலை செய்யும்போது அந்த வெற்றுப் பக்கம் கண்ணில் படாது. எண் மட்டும் 23-லிருந்து 25-க்குத் தாவும்.

பிடிஎஃப் எடுக்கும்போது அந்தப் பக்கம் கோப்பில் வரவேண்டுமா என்று ஏற்றுமதிப் பெட்டியில் ஒரு தேர்வு இருக்கிறது: தானாகச் சேர்த்த வெற்றுப் பக்கங்களையும் ஏற்றுமதி செய். பழைய கணினியில் எப்போதோ அதை டிக் செய்திருக்கிறேன், அதுவே நிலைத்துவிட்டது. புதிய மடிக்கணினியில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. நான் பார்க்கவில்லை.

60 பிரதியும் பைண்டிங் முடிந்து வந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் பக்க எண் முதுகுப் பக்கம் போயிருந்தது. உள்ளே 22 மில்லிமீட்டர், வெளியே 14 என்று வைத்த மார்ஜின் தலைகீழாகிவிட்டது. பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் பசை பிடிக்க முதுகை 2, 3 மில்லிமீட்டர் சீவி எடுப்பார்கள். மிச்சமிருப்பது 11. இந்த வகைப் புத்தகம் தட்டையாகத் திறக்காது; வரியின் கடைசிச் சொல்லைப் படிக்க முதுகை அழுத்திப் பிரிக்கவேண்டும், பிரித்தால் தாள் கழன்று வரும்.

ஏன் முன்கூட்டியே கண்ணில் படவில்லை என்று அப்புறம் உட்கார்ந்து பார்த்தேன். மொத்தம் ஐந்து வெற்றுப் பக்கங்கள் விடுபட்டிருந்தன. முதலாவது விடுபட்டதும் இடம் வலமாகிறது. இரண்டாவது விடுபட்டதும் தானாகவே நேராகிறது. மூன்றாவதில் மறுபடி மாறுகிறது. அனுப்பும் முன் நான் புரட்டிப் பார்த்த பக்கங்கள் எல்லாம் நேராக இருந்த பகுதியில் இருந்தவை. அச்சகத்தார் 179 பக்கக் கோப்பின் கடைசியில் ஒரு வெற்றுப் பக்கத்தைச் சேர்த்து 180 ஆக்கி அடித்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கொடுத்த கோப்பைத்தான் அடித்தார்கள்.

தவறு என் கவனத்தில்தான். ஆனாலும் ஒன்றை என்னால் ஏற்கமுடியவில்லை. வலப்பக்கத்தில் தொடங்கு என்ற கட்டளை ஆவணத்துக்குள் இருக்கிறது. அதை அச்சுவரை காப்பாற்றும் கட்டளை மட்டும் கணினியின் அமைப்பில் இருக்கிறது. புத்தகத்தின் குணம் புத்தகத்தோடு பயணிக்கவேண்டாமா? இடப்பக்கமும் வலப்பக்கமும் கண்ணாடி பிம்பம்போல எதிரெதிராக மார்ஜின் வைத்த ஆவணத்தில், ஒரு பக்கம் விடுபடுகிறதே, பரவாயில்லையா என்று ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? 2021-இல் வந்த 7.2 பதிப்பில் பைண்டிங்குக்கென்று தனி உள்மார்ஜின் அளவே சேர்த்தார்கள். பைண்டிங்கைப் பற்றி அவ்வளவு யோசித்தவர்கள் இதை விட்டுவிட்டார்களே என்பதுதான் ஆற்றாமை.

ரைட்டரில் வேலை செய்பவர்கள் இதை மட்டும் செய்யுங்கள். ஆவணத்தின் கடைசிப் பக்க எண்ணும் பிடிஎஃப்பின் மொத்தப் பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 184-க்கு 179 என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அப்புறம் முதல் பக்கம் தனியாக வலப்புறம் நிற்கும்படி, இரண்டிரண்டு பக்கமாகத் திறந்து கடைசிவரை புரட்டுங்கள்.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம், பக்க வடிவமைப்புக்கென்றே உள்ள ஸ்கிரைபஸ் மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள். 1.6 பதிப்பில் தமிழ் ஒழுங்காக வருகிறது. வேலை மெதுவாகத்தான் போகும், பாணிகள் இவ்வளவு வசதியாக இருக்காது. ஆனால் அங்கே வெற்றுப் பக்கம் என்றால் நாமே சேர்த்த, கண்ணுக்கு முன்னால் நிற்கிற பக்கம். மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது நியாயமா என்று கேட்கலாம். "பரவாயில்லை தம்பி, படிக்க முடியுது" என்று சொல்லிவிட்டு, அந்த மூன்றாம் அத்தியாயத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்ற தலைமையாசிரியரை நான் இன்னும் மறக்கவில்லை. என் செலவில் அடித்த 60 புதுப் பிரதிகள் வியாழக்கிழமை வருகின்றன. 184 பக்கம்.