கீரை வகை: பீன்யா ஆய்வகத்தில் ஓர் இலைச் சோதனை

பெங்களூரு பீன்யாவில் ஒரு பரிசோதனை ஆய்வகத்தில் போன மாதம் தைல மர இலை இரண்டு பொட்டலம் கொடுத்து, தங்கம் இருக்கிறதா என்று சோதித்தேன். ஒரு மாதிரிக்கு 1,900 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். பெயரைப் போடவில்லை. கவுன்டரில் இருந்த பெண் அவ்வளவு மரியாதையாகப் பேசினார், அவர் வேலைக்கு உலை வைக்க மனம் வரவில்லை.

இலையில் தங்கம் தேடும் யோசனை என் மைத்துனனுடையது. பங்காருப்பேட்டைப் பக்கம் அவனுக்கு முக்கால் ஏக்கர் நிலமும் அதில் நாற்பது தைல மரமும் இருக்கின்றன. கன்னடத்தில் நீலகிரி என்பார்களே, அதுதான். மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லி வட்டாரத்தில் இந்த இனத்து மரங்களின் இலைக்குள் தங்கத் துகள் இருப்பதை அந்நாட்டு அரசு ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓவின் விஞ்ஞானிகள் 2013இல் காட்டினார்கள். அந்தச் செய்தி இவன் கைப்பேசிக்கு வந்துசேர இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. மாரிகுப்பம் ரயிலில் ஏறி, ஸ்ரீராமபுரத்தில் என் வீட்டுக்கு இலை மூட்டையோடு வந்துவிட்டான். “மாமா, சுரங்கத்தைத்தானே மூடினார்கள், தங்கத்தையா மூடினார்கள்?” என்றான். என் அப்பா கேஜிஎஃப் என்னும் கோலார் தங்க வயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் இறங்கி வேலை பார்த்தவர். 2001இல் கேஜிஎஃப் மூடிய அன்று எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் நான் பணத்தை எடுத்துவிடுவேன் என்பது அவனுக்குத் தெரியும்.

செய்தியில் பொய் இல்லை. அங்கே தங்கம் கிடந்தது சுமார் 30 மீட்டர் ஆழத்தில். வறண்ட பூமியில் நீரைத் தேடி இறங்கிய வேர், நீரோடு தங்கத்தையும் இழுத்திருக்கிறது. மரத்துக்கு அது வேண்டாத சரக்கு, அதனால் இலைக்குத் தள்ளிவிடுகிறது என்று கருதுகிறார்கள். அளவோ அற்பம். அதிகபட்சமாக இலையில் கிடைத்ததே 80 பிபிபி, அதாவது நூறு கோடி பங்கில் 80 பங்கு. ஒரு மோதிரத்துக்கு 500 மரம் வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். எங்கே துளை போட்டுப் பார்க்கலாம் என்று இலை கைகாட்டும், அவ்வளவுதான்.

இனி ஆய்வகம். படிவத்தில் உணவு, தண்ணீர், மண், மருந்து என்று நான்கு கட்டங்கள். தைல இலைக்கு இடமில்லை. அந்தப் பெண் சற்று யோசித்து, உணவில் ‘கீரை வகை’ என்று பதிந்தார். கழுவினீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கேஜிஎஃபில் தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகளிலிருந்து காற்றில் கிளம்பும் தூசு இலைமேல் படிந்தால், வேர் கொண்டுவந்தது எது, காற்று கொண்டுவந்தது எது என்று எப்படிப் பிரிப்பது? ஆஸ்திரேலியர்கள் இந்தச் சந்தேகத்துக்காகவே எக்ஸ் கதிரால் இலையின் உள்ளே பார்த்தார்கள். நான் என்னால் ஆனது, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் மூன்று முறை அலசி, செய்தித்தாளில் பரப்பி நிழலில் காயவைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க, மைத்துனன் நிலத்திலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி ஏரிக்கரை மரத்து இலையும் ஒரு பொட்டலம்.

சொன்னபடி ஆறாம் நாள் அறிக்கை வந்தது. முத்திரை, கையெழுத்து எல்லாம் சுத்தம். தங்கம்: ‘0.1 பிபிஎம்முக்குக் கீழே’. பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மைத்துனன் முகம் தொங்கிவிட்டது. எனக்கு உறைக்க ஒரு இரவு ஆயிற்று. 0.1 பிபிஎம் என்றால் 100 பிபிபி. கல்கூர்லியின் 80 பிபிபி இலையையே கொண்டுபோய்க் கொடுத்திருந்தாலும் இங்கே இதே பதில்தான் வந்திருக்கும். லாரி எடைமேடையில் மூக்குத்தியை நிறுத்திவிட்டு எடை இல்லை என்பதுபோல.

ஆர்செனிக்கை மட்டும் துல்லியமாக அளந்திருந்தார்கள். கீரையில் அது இருக்கக்கூடாது அல்லவா! தங்கத் தாதுவோடு ஆர்செனிக் பல இடங்களில் சேர்ந்தே இருக்கும், தேடுகிறவர்கள் அதையும் பார்ப்பார்கள். இரண்டாவது நட்சத்திரம் அதற்குத்தான். இரு பொட்டலத்திலும் எண் ஏறக்குறைய ஒன்றே, அதனால் மைத்துனன் நிலத்தைத் தனியாகக் காட்டும் குறி எதுவும் அதில் இல்லை.

மறுபடி போய்க் கேட்டேன். மாடியிலிருந்து இறங்கிவந்த வேதியியலாளர் இலையைச் சாம்பலாக்கினால் இன்னும் குறைந்த அளவையும் பிடிக்கலாம், அரைக் கிலோ வேண்டும், கட்டணம் வேறு என்றார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றேன். “நீங்கள் கேட்கவில்லையே சார்” என்றார். உண்மைதான். நீங்கள் போனால் பணம் கட்டுமுன் எந்த அளவுவரை கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

பணம் திரும்பக் கிடைக்கவில்லை. அடுத்த சோதனைக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் கொடுத்தார்கள். மைத்துனன் அதை நிலப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறான்.