விசிலுக்கு முந்தைய நொடி: நான்கு வருட நோட்டு அனுபவம்

மாவட்ட அளவில் கூடைப்பந்து நடுவராக 11 வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறேன். முதல் 7 வருடம் இலக்கு என்று எதுவும் வைத்ததில்லை. மேட்ச் இருக்கிறது என்று போன் வரும், சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டு போவேன், சண்டை சச்சரவு இல்லாமல் முடிந்தால் நல்ல மேட்ச். அப்புறம்தான் ஒரு நோட்டு போட்டேன். நடுவராக என்னை நானே திருத்திக்கொள்வதற்கான நோட்டு. அதை 4 வருடம் பயன்படுத்தியதில் எது உதவியது, எது வீண் என்பதை எழுதுகிறேன்.

முதல் வருடம் முழுக்க வீண். நோட்டின் முதல் பக்கத்தில் 14 இலக்குகள் எழுதியிருந்தேன். 'தவறுகளைக் குறைக்க வேண்டும்', 'தைரியமாக விசில் அடிக்க வேண்டும்', 'பயிற்சியாளர்களிடம் பொறுமை' என்று போகும் அந்தப் பட்டியல். மேட்ச் முடிந்து வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு நோட்டைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் டிக் போடத்தான் கை போகும். அன்றைக்குத் தைரியமாக அடித்தேனா? அடித்த மாதிரிதான் இருந்தது. டிக்.

பொய்யை உடைத்தது என் அக்கா மகன். ஒரு கல்லூரி மேட்சைக் கேலரியிலிருந்து போனில் எடுத்து அனுப்பினான். விளையாட்டைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்தேன். மூன்றாவது குவார்ட்டரில் ஒரு டிரைவ். நான் லீட், அதாவது கூடைக்குப் பின்னால் இருக்கும் பேஸ்லைன் கோட்டுப் பக்கம் நிற்கும் நடுவர். பந்து கூடையை நோக்கி வருகிறது, நானும் கூடவே நகர்ந்துகொண்டே இருக்கிறேன். பையன் எம்புகிறான், பின்னாலிருந்து வந்தவன் தட்டுகிறான், எம்பியவன் விழுகிறான், என் விசில் ஊதிவிட்டது. அன்றைக்குச் சத்தியம் பண்ணியிருப்பேன், கையில்தான் அடி என்று. வீடியோவில் கை சுத்தமாகப் பந்தின் மேல். உடம்பு உரசவே இல்லை. அவன் நிலைதடுமாறி விழுந்ததைப் பார்த்துத்தான் ஊதியிருக்கிறேன்.  அதற்குக் கொடுத்த இரண்டு ஃப்ரீ த்ரோவும் (யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு) உள்ளே போனது.

இந்த இடத்தில் ஒரு தமாஷ். அதற்கு முந்தைய மாதம்தான், நல்ல விசில் இருந்தால் நல்ல நடுவர் ஆகிவிடலாம் என்று ஃபாக்ஸ் 40 வாங்கியிருந்தேன். ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் என்ற கனடா நடுவருக்கு 1984-ல் பிரேசிலில் ஒரு ஒலிம்பிக் தகுதி ஆட்டத்தில் விசிலுக்குள் இருக்கும் உருண்டை சிக்கிச் சத்தம் வராமல் போயிற்றாம். அந்தக் கடுப்பில் அவர் உருவாக்கிய உருண்டை இல்லாத விசில் அது. அவருக்கு ஊத வேண்டிய நேரத்தில் ஊதவில்லை. எனக்கு ஊதக் கூடாத நேரத்தில் அருமையாக ஊதியது.

அந்த வீடியோவுக்குப் பிறகு 14 இலக்கையும் கோடு போட்டு அடித்துவிட்டு ஒன்றே ஒன்று எழுதினேன்: 'ஷாட் எழும்பும்போது என் இரண்டு காலும் நின்றிருக்க வேண்டும்.' தப்பாக ஊதக் கூடாது என்று எழுதவில்லை. தப்பு ஊதிய பிறகுதான் தெரியும். கால் நின்றிருக்கிறதா என்பது அந்த நொடியிலேயே எனக்குத் தெரியும். பயிற்சி முகாம்களில் சொல்லித் தருவதும் இதைத்தான்: தள்ளி நில், அசையாமல் நில், தொடக்கம் நடு முடிவு மூன்றையும் பார்த்துவிட்டு முடிவெடு. நூறு முறை காதில் விழுந்த விஷயம். இலக்காக எழுதி மேட்ச் மேட்சாக எண்ண ஆரம்பித்த பிறகுதான் காலுக்கு இறங்கியது.

தள்ளி நிற்பது நம்மூர் சிமென்ட் கோர்ட்டில் அவ்வளவு சுலபமும் இல்லை. பேஸ்லைனுக்கு இரண்டடி பின்னால் காம்பவுண்டு சுவர் இருக்கும், இல்லாவிட்டால் யாராவது பைக்கை நிறுத்தியிருப்பார்கள். இப்போது மேட்சுக்கு அரை மணி நேரம் முன்னால் போய் முதலில் பைக்கை எடுக்கச் சொல்கிறேன். நோட்டு இல்லாவிட்டால் இது தோன்றியிருக்காது.

இரண்டாவது இலக்கு ஸ்டெப்ஸ், அதாவது பந்தைத் தட்டாமல் கையில் வைத்துக்கொண்டு அளவுக்கு மேல் காலடி வைப்பது. கேலரியில் இருக்கும் பெரியவர் முதல் பெஞ்சில் இருக்கும் பொடியன் வரை "சார், ஸ்டெப்ஸ் சார்!" என்று கத்தும் சமாச்சாரம். 2017-ல் உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபா விதியைத் திருத்தியது. ஓடிக்கொண்டே பந்தைக் கைக்குள் கொண்டுவரும் அந்தக் கணத்தில் தரையில் இருக்கும் கால் கணக்கில் வராது, அதற்கு அடுத்த காலிலிருந்துதான் ஒன்று, இரண்டு. விதி எனக்கு மனப்பாடம். கண்தான் பழைய விதியிலேயே இருந்தது. பையன் பந்தைப் பிடித்த கணத்தைப் பார்க்காமல் காலை மட்டும் எண்ணினால் எல்லாமே மூன்றாகத்தான் தெரியும். 'முதலில் கை, அப்புறம் கால்' என்று எழுதினேன். வீட்டில் பழைய மேட்ச் வீடியோக்களை மெதுவாக ஓட்டி, பந்து கைக்கு வரும் இடத்தில் நிறுத்தி, வாய்விட்டு "சைபர்" என்று சொல்லிப் பழகினேன். வீட்டில் சிரித்தார்கள். 10 மேட்ச் கழித்து, யூரோ ஸ்டெப் (ஒரு பக்கம் ஓரடி, உடனே மறுபக்கம் ஓரடி) போட்ட ஒரு பையனை விசில் இல்லாமல் விட்டேன். பெஞ்சு முழுக்க எழுந்து கத்தியது. வயிறு கலங்கினாலும் சந்தேகம் வரவில்லை. அந்த நிம்மதி எனக்குப் புதிது.

நான்கு வருடத்தில் ஆகச் சிறந்த இலக்கு எது என்றால், யாருமே கவனிக்காத ஒன்றைச் சொல்வேன்: ஸ்கோர் எழுதுபவர்கள் உட்காரும் டேபிளுக்குக் கைசைகையால் ஃபவுல் சொல்வது. பிளேயர் நம்பர், ஃபவுல் வகை, அப்புறம் ஃப்ரீ த்ரோ எத்தனை அல்லது பந்து எந்தப் பக்கம் என்ற வரிசை. பிளேயர் நம்பர் 15 வரை பழைய பழக்கம், தகராறு இல்லை. 16-லிருந்து முதலில் புறங்கையைக் காட்டிப் பத்தாம் இட எண், பிறகு உள்ளங்கையைக் காட்டி ஒன்றாம் இட எண். 24 என்றால் புறங்கையில் 2, உள்ளங்கையில் 4. நான் அவசரத்தில் இரண்டையும் ஒரே வீச்சில் காட்டிவிட்டு ஓடிவிடுவேன். எங்கள் ஊரில் ஸ்கோர் ஷீட் எழுதும் ஒரு தம்பி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க காட்டுறது 24-ஆ 42-ஆன்னு எனக்கு ஒவ்வொரு தடவையும் சந்தேகம்ணே" என்றான். சரி, நீயே எண்ணு என்றேன். ஒரு மேட்சில் எத்தனை முறை மறுபடி கேட்க வேண்டியிருந்தது என்று ஷீட்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டில் கோடு போடச் சொன்னேன். முதல் மேட்சில் 9 கோடு. ஆறாவது மேட்சில் 1. என்னை நானே எண்ணிக்கொண்டிருந்தால் முதல் நாளே 1 போட்டிருப்பேன்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. கூட ஊதும் நடுவரிடம் மேட்ச் முடிந்து "எப்படி இருந்தது?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "நல்லா பண்ணீங்க சார்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. நாளைக்கு அவருக்கும் என்னோடு ஊத வேண்டியிருக்கிறதே. அதற்குப் பதில் ஆட்டத்துக்கு முன்பே ஒரு கேள்வியைக் கையில் கொடுத்துவிடுகிறேன்: "பந்து உங்க பக்கம் இருக்கும்போது நானும் பந்தையே பார்க்கிறேனான்னு மூணாவது குவார்ட்டர்ல மட்டும் பாருங்க." இரண்டு நடுவர் ஆட்டத்தில் இதுதான் பெரிய வியாதி. நான்கு கண்ணும் பந்தின் மேல், கூடைக்கடியில் ஒருவன் இன்னொருவன் விலாவில் முழங்கையை வைத்துக்கொண்டிருப்பான். இப்படிக் கேட்டால் உண்மையான பதில் வருகிறது. கேட்கக் கொஞ்சம் கசக்கும்.

உடற்தகுதி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பீப் சத்தத்துக்கு 20 மீட்டர் ஓடித் திரும்பும் டெஸ்ட்டுக்காக காலையில் ஓடுகிறேன். முட்டி ஒத்துழைக்கும் நாளில் நன்றாக ஓடுகிறேன். இது இலக்கு இல்லை, வாடகை மாதிரி. கட்டித்தான் ஆக வேண்டும்.

குறைகளும் உண்டு. ஒரே இலக்கில் மூழ்கினால் மற்றது நழுவும். பந்து இல்லாத பக்கத்தைப் பார்க்கும் இலக்கு வைத்திருந்த மாதங்களில் ஷாட் எடுக்க டீமுக்கு இருக்கும் 24 செகண்ட் கடிகாரத்தையே மறந்துவிட்டேன். ஒரு மேட்சில் பஸ்ஸர் அடித்த பிறகு கையை விட்டு வந்த பந்துக்கு பாயின்ட் கொடுத்துவிட்டு, கூட ஊதியவர் ஓடிவந்து திருத்த வேண்டியதாயிற்று. இடையில் ஒரு சீசன் போன் ஆப் ஒன்றில் எழுதிப் பார்த்தேன். மேட்ச் முடிந்து வியர்வைக் கையோடு போனில் தட்டுவது எரிச்சல், பேப்பருக்கே திரும்பிவிட்டேன். பயிற்சியாளர்களிடம் பொறுமை என்ற இலக்கை மூன்று முறை வெவ்வேறு மாதிரி எழுதிப் பார்த்தும் தேறவில்லை. "பார்க்கிறேன் சார்" என்ற ஒரே பதிலை எல்லாவற்றுக்கும் சொல்கிறேன் என்று ஒரு கோச் என் முகத்துக்கு நேராகவே நக்கலடித்தார். அவர் சொன்னது சரிதான்.

இலக்குக்கு மாதக் கணக்கு வைக்காதீர்கள், மேட்ச் கணக்கு வையுங்கள். நமக்கு மே மாதத்தில் கோடைப் போட்டிகள் குவியும், சில மாதம் ஒன்றுகூட வராது. எனக்கு 10 மேட்சுக்கு ஓர் இலக்கு சரியாக இருக்கிறது. முதல் சீசன் ஊதும் தம்பி, தங்கைகளுக்கு இந்த நோட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். ஓடுங்கள், விதிப் புத்தகம் படியுங்கள், அதுவே போதும். எந்த இடத்தில் தவறுகிறோம் என்று தெரிய முதலில் நிறையத் தவற வேண்டியிருக்கிறது.

மே மாதம் பெரியகுளம் அகில இந்தியப் போட்டிக்குப் போனால் இப்போது நான் பிளேயர்களைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் ஸ்கோர் கேட்டால் எனக்குத் தெரியாது. பேஸ்லைனில் நிற்பவரின் காலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது ஒன்பதாவது இலக்கு: நான்காவது குவார்ட்டரின் கடைசி 2 நிமிடத்தில் கூடை விழுந்தவுடன் கடிகாரம் நின்றதா என்று நிமிர்ந்து பார்ப்பது. 6 மேட்ச் முடிந்திருக்கிறது. ஸ்கோர் ஷீட் எழுதும் தம்பியின் துண்டுச் சீட்டுப்படி நேற்று மூன்று முறை பார்க்கவில்லை. இரண்டு தடவைதான் என்று நான் வாதாடினேன். சீட்டை எடுத்து நீட்டினான்.