தனியாளாக ரோட்டவேட்டரைத் தூக்க: லிஃப்டா, ஜாக்கியா, செயின் பிளாக்கா?

ஜூன் 12 நெருங்கி மேட்டூர் அணைத் திறப்புப் பேச்சு எழுந்ததுமே டெல்டாவில் ரோட்டவேட்டர் (டிராக்டரின் பின்னால் மாட்டி, சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) வேலை தொடங்கிவிடும். குறுவைச் சேற்றுழவுக்கு முன் தேய்ந்த கத்திகளை மாற்ற வேண்டும், தாளடியில் தண்டைச் சுற்றிய வைக்கோலை அறுத்தெடுக்க வேண்டும், சீல் கசிந்து சேறு புகுந்திருந்தால் பேரிங்கைக் கழற்ற வேண்டும். ஐந்தடி, ஆறடி ரோட்டவேட்டர் 350 முதல் 500 கிலோ வரை இருக்கும். கூட ஆள் இல்லாத நாளில் அதைத் தூக்க நான்கு வழிகள் உண்டு: டிராக்டரின் லிஃப்ட், பாட்டில் ஜாக்கி, செயின் பிளாக் (சங்கிலியை இழுத்துச் சுமை தூக்கும் கருவி), என்ஜின் கிரேன். நான்குமே தூக்க மட்டும்தான். வேலை முடியும்வரை எடையைத் தாங்க ஸ்டாண்டோ கட்டையோ அடியில் இருந்தே ஆக வேண்டும்.

டிராக்டரின் லிஃப்ட் செலவில்லாதது. கத்தி மாற்ற அதுவே போதும். ஆனால் உயிரிழப்புக்கு வழிவிடுவதும் அதுதான். என்ஜினை நிறுத்தினாலும் லிஃப்ட் நெம்புகோலைக் கீழே தள்ளினால் கருவி இறங்கிவிடும். அடியில் குனிந்திருக்கும்போது குழந்தை ஏறி விளையாடினாலும், நெம்புகோலில் சட்டைக் கை மாட்டினாலும் போதும். சிலிண்டரின் ஓரிங்கோ (எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) கன்ட்ரோல் வால்வோ தேய்ந்திருந்தால் யாரும் தொடாமலே மெல்ல இறங்கும். எண்ணெய்க் குழாய் வெடித்தால் ஒரே அடியாக விழும்.

அதனால் வரிசை இப்படி: சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, முன்சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். பி.டி.ஓ.வை (என்ஜின் விசையைக் கருவிக்குக் கடத்தும் அமைப்பு) நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். கத்தி தரையிலிருந்து ஓரடி எழும்பும் அளவுக்குத் தூக்கினால் போதும். பக்கவாட்டில் நின்றபடி, உடம்பு கருவிக்கு அடியில் போகாமல், இரு பக்கத் தகடுகளின் சறுக்குப் பட்டைக்குக் கீழே ஸ்டாண்டைத் தள்ளுங்கள். பட்டையின் போல்ட்டுகள் இறுகியிருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பிறகு நெம்புகோலை முழுக்கக் கீழே இறக்கி எடையை ஸ்டாண்டில் உட்கார வைத்து, என்ஜினை நிறுத்திச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடப்பாரையால் நெம்பிப் பார்த்து, ஆடினால் மறுபடி முதலிலிருந்து. பி.டி.ஓ. தண்டைக் கழற்றியபின்தான் கத்தியைத் தொட வேண்டும். கருவியை டிராக்டரோடு பிணைக்கும் மூன்று இணைப்பும் கழற்றப்படாமல் இருப்பதால் கருவி முன்பின் சாயாது. இந்த வசதி மற்ற மூன்று வழிகளிலும் கிடையாது.

பாட்டில் ஜாக்கி மலிவு, ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கும். எதிர்ப்பக்கம் அதற்கேற்பச் சாயும்போது ஜாக்கியின் தலை நழுவும். களிமண்ணில் அடித்தட்டு புதைந்து ஜாக்கியே சாய்ந்துவிடும். இரண்டு அங்குலத் தடிமனில் ஓரடிச் சதுரப் பலகையை அடியில் போடாமல் தொடக்கூடாது. இரண்டு அங்குலம் தூக்கி ஒரு கட்டை, மறுபக்கம் போய் இன்னொரு கட்டை என்று குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் போக வேண்டும். பூவரசங்கட்டை நன்றாகத் தாங்கும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டவே வேண்டாம்: விரிசல் காட்டாமல் நொறுங்கிவிடும். பலருடைய களத்தில் இன்றைக்கும் செங்கல்தான் இருக்கிறது என்பதால் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கியர்பாக்ஸைப் பிரிக்கவோ, டிராக்டரைக் கழற்றி அனுப்பிவிட்டு வேலை பார்க்கவோ ஒரு டன் செயின் பிளாக்தான் சரி. சங்கிலியை விட்ட இடத்திலேயே பிரேக் பிடித்து நிற்கும். ஒரு கையால் அங்குலம் அங்குலமாக இறக்கலாம். தனியாளுக்கு இது பெரிய பலம். சிக்கல், எதில் தொங்கவிடுவது என்பதில்தான். மாட்டுக்கொட்டகை விட்டமும் வேப்பங்கிளையும் எவ்வளவு தாங்கும் என்று கண்ணால் சொல்ல முடியாது. இரண்டு அங்குல சி கிளாஸ் (தடித்த சுவருள்ள) இரும்புக் குழாய், பத்தடி நீளத்தில் மூன்று வாங்கி வெல்டிங் பட்டறையில் முக்காலி செய்துகொள்ளலாம். கால்கள் விரியாமல் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மூன்றையும் சங்கிலியால் பிணைக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் கீழே பலகை போட வேண்டும். சுமையைப் பக்கவாட்டில் இழுத்தால் முக்காலி கவிழும்.

டாப் லிங்க் (மூன்று இணைப்பில் மேலே உள்ளது) மாட்டும் துளையில் மட்டும் கொக்கியை மாட்டினால் கருவியின் பின்பக்கம் தாழ்ந்து ஆடும். கியர்பாக்ஸுக்கு இருபுறமும் கருவியின் குறுக்கே ஓடும் நீளக் குழாயில் சுமை தூக்கும் பெல்ட்டுகள் இரண்டைச் சுற்றுங்கள். இரண்டு பெல்ட்டும் பக்கவாட்டில் விரிய விரிய அவற்றின்மேல் இழுவிசை கூடும்: தரைமட்டத்திலிருந்து 30 டிகிரியில் சாய்ந்தால் 500 கிலோ சுமைக்கு ஒவ்வொரு பெல்ட்டும் 500 கிலோவைத் தாங்க வேண்டும், 60 டிகிரியில் 290 கிலோ போதும். மாடு கட்டும் நைலான் கயிறு நீளும், தகட்டு விளிம்பில் அறுபடும்.

சக்கரம் வைத்த என்ஜின் கிரேன் சிமென்ட் தரையுள்ள கொட்டகைக்கு மட்டும். கிரேனின் கையை நீட்ட நீட்ட அதன் தாங்கும் அளவு குறையும். மண் களத்தில் அதை நகர்த்தவே முடியாது.

கத்தி மாற்றுவதற்கு மேல் வேலை இல்லாதவர் ஜாக்கி, செயின் பிளாக் எதுவும் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு ஜோடி நல்ல ஸ்டாண்டு செய்துகொள்ளட்டும். எந்த வழியானாலும் வீட்டில் நேரம் சொல்லிவிட்டுப் போங்கள். கைபேசி மட்கார்டின் மேல் இருந்தால், அடியில் சிக்கியவருக்கு எட்டாது, சட்டைப்பையில் இருக்கட்டும்.