டைப் ரேட்டிங்கா, பயிற்சியாளர் வேலையா?

200 மணி நேரம் பறந்து சிபிஎல் (வணிக விமானி உரிமம்) வாங்கியாச்சு, வேலைதான் இல்லை. பெங்களூரில் என் அறைத்தோழனும் நானும் இந்த இடத்தில்தான் ஆளுக்கொரு பக்கம் போனோம்.

அவன் கடன் வாங்கி ஏர்பஸ் ஏ320 டைப் ரேட்டிங், அதாவது அந்த ஒரு ரக விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி, முடித்தான். இண்டிகோவும் ஏர் இந்தியாவும் அந்த ரகத்தை நிறைய ஓட்டுவதால் கணக்கு சரிதான். ஆனால் போயிங் 737 மேக்ஸ் வைத்து ஓட்டும் ஆகாசா ஏர்லைனில் அது உதவாது, அப்புறம் ஆள் எடுக்கும்வரை கை மறக்காமல் இருக்க சிமுலேட்டருக்குத் திரும்பத் திரும்பக் காசு கட்ட வேண்டும், வட்டியும் சும்மா இருக்காது.

நான் மாணவர்களுக்குப் பறக்கச் சொல்லித்தரும் உதவிப் பயிற்சியாளர் ரேட்டிங் எடுத்தேன். சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை (பெங்களூர் ஜக்கூர் விமானத் தளம் பக்கம் வாடகை கேட்டுப் பாருங்கள்). ஆனால் விடியற்காலையில் செஸ்னா பயிற்சி விமானத்தின் டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் வடித்து, அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஏறுகிறோம். தரையிறங்கும்போது மாணவன் விமானத்தின் மூக்கைத் தூக்க மறந்தால் என் கை தானாக முந்துகிறது. பறந்த மணிக்கணக்கும் ஏறுகிறது. ஒற்றை எஞ்சின் விமானத்தில் பறந்த மணிக்கணக்குக்கு ஏர்லைனில் பெரிய மதிப்பில்லை என்பது உண்மைதான். ஏர்லைன் அழைப்பு கையில் இருந்தால் அவன் வழி, இல்லையென்றால் கண்டிப்பாக என் வழி.